முள்ளங்கிப் பரிசு

சென்ற வருஷம் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க என்னை அழைத்திருந்தார்கள். நாவல் எழுதுகிறவனை இதற்கெல்லாம் எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்; ஆனாலும் கூப்பிட்டால் போய்விடுகிறேன். விழா மூன்று மணிக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது நாலு. குழந்தைகள் கத்தரிக்காய், வெண்டைக்காய் வேஷம் போட்டுக்கொண்டு வெயிலில் காத்து நின்றார்கள். நான் மேடை ஏறி 'டோட்டோ-சான்' என்ற ஜப்பானியப் புத்தகத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். பிறகு நாடகம் நடந்தது. அதில் ஒரு பையன் பச்சைத் தாளைச் சுற்றிக்கொண்டு பின்வரிசையில் அசையாமல் நின்றான். பக்கத்தில் இருந்த ஆசிரியையிடம் விசாரித்தேன். "அவனுக்குப் பேச்சு திக்கும் சார், அதனால் மரமாக நிறுத்திவிட்டோம்" என்றார். அவனையும் ஒதுக்கிவிடவில்லை என்ற திருப்தி அவர் குரலில் இருந்தது. நானும் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தலையாட்டல்தான் உறுத்திற்று. அரைமணி நேரம் புகழ்ந்துவிட்டு வந்த புத்தகத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

எழுதியவர் டெட்சுகோ குரோயனாகி. ஜப்பானில் புகழ்பெற்ற நடிகை, தொலைக்காட்சிக்காரர். 1981ல் புத்தகமாக வந்து, அந்த நாட்டில் விற்பனையில் பெரிய பரபரப்பை உண்டாக்கியது. தமிழிலும் நெடுநாளாகக் கிடைக்கிறது. முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சிறுமி, டோமோயே என்ற சின்னஞ்சிறு பள்ளியில் சேர்கிறாள். டோக்கியோவில் 1937ல் தொடங்கிய பள்ளி அது. பழைய ரயில் பெட்டிகள்தாம் அங்கே வகுப்பறைகள். தலைமையாசிரியர் ஸொஸாகு கோபயாஷி. சேர வந்த அன்று அந்தச் சிறுமி பேசப் பேச நாலு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாரே, அவர்தான். தன் கதையைச் சொல்லும் குரோயனாகி 'நான்' என்று எழுதுவதில்லை. 'டோட்டோ-சான்' என்று, யாரோ ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டு போகிறார். தன்னைப் பற்றி எழுதும்போது வந்து ஒட்டிக்கொள்கிற சுய இரக்கம் இந்த ஒரு சொல்லில் கழன்றுவிடுகிறது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய காரியம் இது.

கல்வி நிபுணர்கள் இந்தப் புத்தகத்தை ஒரு செய்முறைக் கையேடாக்கிவிட்டார்கள். அப்படி ஆக்குவதற்கு வேண்டிய சரக்கும் அதில் இருக்கிறது. காலையில் அன்றைய பாடங்களின் கேள்விகளையெல்லாம் கரும்பலகையில் எழுதிவிடுகிறார் ஆசிரியை. எதிலிருந்து தொடங்குவது என்பது அவரவர் இஷ்டம். ஒரு பையன் கட்டுரை எழுதுகிறான். பின்னால் இன்னொருவன் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி எதையோ கொதிக்கவைக்கிறான். வயலைப் பற்றிப் பாடம் என்றால் ஒரு விவசாயியே வந்து சொல்லிக்கொடுக்கிறார். தான் வாத்தியார் இல்லை, வெறும் விவசாயி என்று அவர் கூச்சப்பட, இல்லை, நீங்கள் வாத்தியார்தான் என்கிறார் கோபயாஷி. புதிய ரயில் பெட்டி ராத்திரியில் வந்து இறங்கப்போகிறது என்றால் குழந்தைகள் போர்வையோடு பள்ளியிலேயே படுத்துக் காத்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் எந்தப் பள்ளியும் இரவல் வாங்கலாம். வாங்கியும் இருக்கிறார்கள். காய்கறி வேஷம் அப்படி வந்ததுதானோ என்னவோ.

ஆனால் விளையாட்டு விழா அத்தியாயத்தை இரவல் வாங்குவது அவ்வளவு சுலபம் இல்லை. வருஷந்தோறும் நவம்பர் 3ஆம் தேதி அந்த விழா. பந்தயங்கள் எல்லாம் விசித்திரமானவை. துணியால் செய்த பெரிய மீனின் வாய்க்குள் புகுந்து வால் வழியாக வெளியே வர வேண்டும். சபைக் கூடத்துப் படிகளில் ஓடி ஏற வேண்டும். படியைத் தாண்டக் கூடாது, ஒவ்வொன்றாகத்தான் ஏறலாம். படிகளோ உயரம் குறைந்தவை. நீளக் கால் பிள்ளைகளுக்குக் கால் தடுக்குகிறது. கைகால் வளர்ச்சி நின்றுபோன ஒரு பையன் அந்தப் பள்ளியில் இருக்கிறான். மற்றவர்கள் மீனுக்குள் சிக்கித் தவிக்கும்போது அவன் நுழைந்து வெளியே வந்துவிடுகிறான். படியிலும் அவனே முதல். எல்லாப் பந்தயத்திலும் அவனே. முதல் பரிசு ஒரு பெரிய முள்ளங்கி. மூன்றாம் பரிசு ஒரு கட்டுக் கீரை. ரயிலில் முள்ளங்கியைத் தூக்கிக்கொண்டு போக வெட்கமாக இருக்கிறது என்று பிள்ளைகள் முணுமுணுக்க, நீங்கள் சம்பாதித்த காய், இன்று ராத்திரி வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று குஷியாகச் சொல்லி அனுப்புகிறார் அவர். எல்லாப் பள்ளிகளிலும் விளையாட்டு விழாவுக்குக் காய்கறிதான் பரிசு என்றே டோட்டோ-சான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாளாம்.

ஒரு பையனுக்காகத் தைத்த விழா அது. தைத்த நூல் வெளியே தெரியவில்லை. அவன் ஜெயித்தான், மற்றவர்கள் தோற்றார்கள், கண்ணியமான தோல்வி. யாரும் யார்மேலும் இரங்கவில்லை. நான் தலைமை தாங்கிய விழாவில் நூல் நன்றாகவே தெரிந்தது: திக்குகிற பையனுக்கு மரம்.

இந்த மறைவில்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட செய்தியை அம்மா மகளிடம் அவளுடைய இருபதாவது வயது வரையில் சொல்லவே இல்லை. மலக்குழியில் விழுந்துவிட்ட பர்ஸைத் தேடிக் குழியையே அவள் அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் வந்த கோபயாஷி, முடிந்ததும் திருப்பி உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டு நடக்கிறார். திட்டவும் இல்லை, உதவவும் இல்லை. இந்த இடத்தில் நாவலாசிரியன் எவனும் பொறாமைப்படலாம்.

ஆகவேதான் நூலாசிரியையின் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அழகாகச் சொல்லி முடித்த பிறகு, தலைமையாசிரியர் இன்ன காரணத்துக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுகிறார். விளையாட்டு விழாவுக்கும் அந்த வாக்கியம் உண்டு. கோபயாஷி மறைத்ததை அவருடைய மாணவி வெளியே எடுத்துப் போட்டுவிடுகிறார். நன்றிக் கடன் என்பது புரிகிறது. கலைக்கு அது இடைஞ்சல். இன்னொன்று, புத்தகத்தில் எல்லாருமே நல்லவர்கள். சிஹிரோ இவாஸாகியின் நீர்வண்ணக் குழந்தைகள் வேறு பக்கத்துக்குப் பக்கம் கனவில்போல மிதக்கிறார்கள். அவர் 1974லேயே காலமாகிவிட்டார். இந்தக் கதைக்கென்று வரைந்தவை அல்ல அந்தப் படங்கள். பொருத்தமாகத்தான் இருக்கின்றன, கொஞ்சம் அதிகமாகவே பொருத்தமாக.

இத்தனை இனிப்புக்கும் நடுவே ஓர் அத்தியாயம் கசக்கிறது. மனிதனுக்கு ஒரு காலத்தில் வால் இருந்தது என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியை, விளையாட்டாக, அந்த வளராத பையனைப் பார்த்து உனக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார். கெட்ட எண்ணம் கிடையாது. சாயங்காலம் சமையலறையில் கோபயாஷி அவரை நிறுத்திக் கோபத்தில் பேசுகிறார், ஆசிரியை அழுகிறார். வெளியே நின்ற டோட்டோ-சானின் காதில் அது விழுகிறது. மற்ற ஆசிரியர்கள் இருந்த அறையில் அல்ல, சமையலறையில் வைத்து அவர் கண்டித்தார் என்பதுதான் அவள் மனத்தில் தங்குகிறது. எனக்கோ அந்த ஆசிரியைதான் தங்கிவிட்டார். அவரும் திருப்தியோடுதான் கேட்டிருப்பார்.

1945ல் விமானக் குண்டுகளில் பள்ளி எரிந்துபோயிற்று. தெருவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே, அடுத்தது எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் கட்டலாம் என்று மகனிடம் கேட்கிறார் கோபயாஷி. அதே தொடக்கப் பள்ளியை மறுபடி எழுப்ப அவரால் முடியவில்லை, 1963ல் இறந்துபோனார்.

எங்கள் விழாவில் பரிசுகள் எவர்சில்வர் டம்ளர்கள். நான்தான் கொடுத்தேன், ஐம்பது அறுபது இருக்கும். பட்டியலில் மரத்தின் பெயர் இல்லை. இறங்கிப் போய் விசாரித்திருக்கலாம். கார் வந்துவிட்டது என்றார்கள், ஏறிவிட்டேன்.