நூறு விளக்குகளும் ஒரு நாடியும்

வாசகர்களே, உங்கள் இடக்கை மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்து நாடியைப் பாருங்கள். அமைதியாக அமர்ந்திருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 துடிப்புகள் இருக்கும். இத்துடிப்பை ஒரு மின்விளக்கு உங்களுக்கே ஒளியாகக் காட்டினால் எப்படி இருக்கும்?

மெக்சிகோவில் பிறந்த கலைஞர் ரஃபேல் லோசானோ-ஹெம்மர் 2006-இல் உருவாக்கிய 'துடிப்பு அறை' இதைத்தான் செய்கிறது. மெக்சிகோவின் புவெப்லா நகரில் முதலில் அமைக்கப்பட்ட இப்படைப்பு, 2007-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியிலும் 2018-இல் வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றது. இதைப் படப்பதிவுகளில் பார்த்த நான், ஓர் இயற்பியல் ஆசிரியனின் கண்கொண்டு இதை மதிப்பிட விரும்புகிறேன்.

அமைப்பு எளியது. இருண்ட கூடத்தின் கூரையிலிருந்து 300 வாட் இழை விளக்குகள் தொங்குகின்றன. இடத்துக்கேற்ப 100 முதல் 300 வரை. ஓரத்தில் கைப்பிடிகள் கொண்ட ஒரு கருவி. அதைப் பிடித்தால் அருகிலுள்ள விளக்கு உங்கள் இதயத்தின் தாளத்தில் மின்னும். கையை எடுத்ததும் எல்லா விளக்குகளும் ஒரு கணம் அணையும். பிறகு ஒவ்வொரு துடிப்பும் அடுத்த விளக்குக்கு நகரும். நூறு விளக்குகள் எனில், உங்களுக்குப் பின் ஏறத்தாழ நூறு பேர் வந்ததும் உங்கள் துடிப்பு மறைந்துவிடும்.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் நம் இரு கைகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் மின்னழுத்தம் தோன்றுகிறது. உப்புநீர்ச் சாடிகளில் மனிதரின் கைகளை வைத்து இதனை அளந்த ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். கலைஞர் தேர்ந்த விளக்கும் பொருத்தமானது. டங்ஸ்டன் இழை சூடாகவும் ஆறவும் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒளி பொங்கி எழுந்து மெல்லத் தணிகிறது. எல்.இ.டி. விளக்கானால் வெடுக்கென்று எரிந்து அணையும். மூச்சுவிடுவது போன்ற தோற்றம் வராது. இது படைப்பின் பெரிய வெற்றி.

ஆனால் இத்தகைய படைப்புகள் 'மனத்தை ஆற்றுகின்றன, மனிதரை இணைக்கின்றன' என்று புகழ்வது வழக்கமாகிவிட்டது. இங்கேதான் எனக்குத் தயக்கம்.

இணைப்பு என்றால் என்ன? 1665-இல் ஹைகன்ஸ் ஒரு விந்தையைக் கண்டார். ஒரே தாங்கியில் தொங்கிய இரு ஊசல் கடிகாரங்கள், எப்படித் தொடங்கினாலும் சுமார் அரை மணி நேரத்தில் ஒரே ஒழுங்கில் எதிரெதிராக ஆடின. ஒன்றின் அசைவு மரச்சட்டத்தின் வழியே மற்றொன்றை எட்டியதே காரணம். ஒன்று மற்றொன்றை மாற்றவேண்டும். இயற்பியலில் அதுவே இணைப்பு.

துடிப்பு அறையில் அந்தச் சட்டம் இல்லை. ஒரு விளக்கின் தாளம் அடுத்த விளக்கின் தாளத்தைச் சிறிதும் மாற்றுவதில்லை. புதிதாக வருபவர் மற்றவர்களை ஓரிடம் தள்ளுகிறார், அவ்வளவே. நூறு துடிப்புகள் அருகருகே, ஆனால் தனித்தனியே மின்னுகின்றன. எது யாருடையது என்பதும் தெரியாது. நோய் ஆற்றும் என்று சொல்வதானால், அதைச் சோதித்துக் காட்டவேண்டும். கண்ணுக்கு இனிமையாக இருப்பது மட்டும் சான்றாகாது.

அப்படியானால் இது தோல்வியா? இல்லை. 1960-இல் வெளிவந்த 'மக்காரியோ' என்னும் மெக்சிகோ திரைப்படத்தில், ஒவ்வோர் உயிருக்கும் ஒரு மெழுகுவத்தி எரியும் குகை வருகிறது. அந்தக் குகையே இவ்வறைக்கு ஒரு தூண்டுதல். நாம் சிறிதுகாலம் ஒளிர்ந்து, பிறருக்கு இடம்விட்டு மறைகிறோம் என்ற உண்மையை இது நேர்மையாகச் சொல்கிறது. அது ஆறுதல் மொழியன்று.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தை மருத்துவமனையில் இருந்தார். இரண்டு இரவுகள் நான் படுக்கையருகே திரையில் ஓடிய பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஒவ்வொரு மேடும் பள்ளமும் எனக்குப் பாடம். அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் விழித்தபோதெல்லாம் அப்பா தேடியது அந்தக் கையைத்தான்.

துடிப்பு அறை அந்தப் பச்சைக் கோட்டை அழகாக்கிய படைப்பு. அந்த அளவில் அதைப் போற்றுவோம். இணைப்பு வேண்டுமானால், உங்கள் மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுத்து, அருகில் இருப்பவரின் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.