கசுமி வதனாபே: அழிக்கப்பட்ட கிதார்

ஒரு குழுவில் ஒரு கலைஞனின் பங்கு என்ன என்று தெரிய வேண்டுமென்றால், அவன் வாசித்ததை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். யாருக்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு இது. ஜப்பானிய ஜாஸ் ஃப்யூஷன் கிதார் கலைஞர் கசுமி வதனாபே விஷயத்தில் நமக்கு அது கிடைத்திருக்கிறது.

1979இல் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா குழு லண்டன், நியூயார்க் என்று சுற்றுப்பயணம் போனது. ஹருஓமி ஹொசோனோ, ரியூய்ச்சி சகமோட்டோ, யுகிஹிரோ தகஹாஷி மூவரும் சேர்ந்த மின்னணு இசைக்குழு. துணைக்கு கிதாரில் வதனாபே, கீபோர்டில் அகிகோ யானோ. அந்த மேடைப் பதிவுகள் அடுத்த ஆண்டு ‘பப்ளிக் பிரஷர்’ என்று ஆல்பமாக வந்தபோது வதனாபேயின் கிதாரைக் காணோம். அவர் ஒப்பந்தத்தில் இருந்த இசைத்தட்டு நிறுவனம் அனுமதி தரவில்லை. கிதாரை அழித்துவிட்டு, அந்த இடங்களில் சகமோட்டோ சிந்தசைசரை வாசித்துச் சேர்த்தார். ஆல்பம் ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கிதாரோடு கூடிய பதிவுகள் ‘ஃபேக்கர் ஹாலிக்’ என்ற பெயரில் 1991இல்தான் வெளிவந்தன.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சும்மா சொல்லக்கூடாது, ‘பப்ளிக் பிரஷர்’ நல்ல ஆல்பம்தான். துப்புரவாக இருக்கிறது, ஒரு நூல் பிசகவில்லை. எனக்கு உறுத்துவது அந்தத் துப்புரவுதான். மேடையில் சீக்வென்சர் ஓடிக்கொண்டிருக்கும். அது யாருக்காகவும் நிற்காது, யார் வாசிப்பதையும் கேட்காது. மனிதர்கள்தான் அதன் கணக்குக்குள் வந்தாக வேண்டும். ‘ஃபேக்கர் ஹாலிக்’கில் வதனாபே அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்துகொண்டு முரண்டுபிடிக்கிறார். தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைக்கிறார், ஒரு மயிரிழை தாமதித்து வந்து சேர்கிறார். இயந்திரம் இயந்திரமாகத் தெரிவதே அப்போதுதான். கிதார் போனதும் மேடையில் இருந்த பிணக்கும் போய்விட்டது. யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் நம் மனதில் வரும் அந்த வழவழப்பான எதிர்காலச் சித்திரத்தில் ஒரு பகுதி, ஒப்பந்தச் சிக்கலால் வந்தது என்றே நினைக்கிறேன்.

வதனாபே மீது வழக்கமாக ஒரு குறை சொல்வார்கள்: யாரோடு சேர்கிறாரோ அவர் மாதிரி ஆகிவிடுவார், தனக்கென்று ஒரு முகம் இல்லை என்று. 1971இல், 17 வயதில் ‘இன்ஃபினிட்’ என்ற முதல் ஆல்பத்தை வெளியிட்டவர். அதற்குப் பிறகு ஜாஸ், ராக், ரெகே என்று எல்லாப் பக்கமும் போய்வந்திருக்கிறார். குறை சொல்ல வசதியான ஆள்தான். ஆனால் எதிரே இருப்பவரைப் பொறுத்துத் துலங்குகிற முகம் என்று ஒன்று உண்டு இல்லையா? சகமோட்டோவின் ‘தவுசண்ட் நைவ்ஸ்’ (1978) தலைப்புப் பாடலில் சிந்தசைசர்களுக்கு நடுவே அவருடைய கிதார் சோலோ எழும் இடத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும். 1979இல் அதே சகமோட்டோவோடு சேர்ந்து செய்த ‘கிலின்’ ஆல்பத்தில் இருவரும் மாறி மாறி ஒருவர் எல்லைக்குள் ஒருவர் புகுந்து பார்க்கிறார்கள்.

இந்த அளவுகோலால் பார்த்தால், பலரும் கொண்டாடுகிற ‘டோ சி கா’ (1980) எனக்கு ஒரு படி கீழேதான். நியூயார்க்கில் மைக் மைனியேரி தயாரிப்பில், டோனி லெவின், ஸ்டீவ் ஜோர்டன், பீட்டர் எர்ஸ்கின் போன்ற பெரிய கைகளோடு பதிவானது. ‘யூனிகார்ன்’ இன்றைக்கும் கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் எல்லோரும் விருந்தாளியை உபசரிப்பதுபோல வாசிக்கிறார்கள். அவருக்கு உபசாரம் ஆகாது.

‘மோபோ’வில் (1983) நிலைமை வேறு. ஒரு பக்கம் மார்கஸ் மில்லர், ஓமர் ஹக்கீம். இன்னொரு பக்கம் ஜமைக்காவின் ஸ்லை டன்பர், ராபி ஷேக்ஸ்பியர். பின்னவர்களின் தாளம் அசையாது, அவசரப்படாது. வேகமாக விரல் ஓட்டும் கிதார்காரரைத் தரையில் உட்காரவைத்துவிடும். 1987இன் ‘தி ஸ்பைஸ் ஆஃப் லைஃப்’பில் டிரம்ஸுக்கு பில் ப்ரூஃபோர்ட், பேஸுக்கு ஜெஃப் பெர்லின். மூன்றே பேர், ஒளிய இடமில்லை. ப்ரூஃபோர்ட் எதிர்பாராத இடத்தில் அடிக்கிறார், வதனாபே அங்கேயே பதில் சொல்கிறார். அவருடைய ஆல்பங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

2003இல் தொடங்கிய ‘கிதார் ரெனசான்ஸ்’ வரிசையில் எதிரே யாரும் இல்லை. தனி அகூஸ்டிக் கிதார் மட்டும். என் வாதத்துக்கு இடிக்கிற ஆல்பங்கள் இவை. எதிராளி இல்லாமலும் அவை நிற்கின்றன. அங்கே அவர் சண்டைபோடுவது மௌனத்தோடு என்று அலங்காரமாகச் சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. வயதான ஒருவர் நிதானமாக வாசிக்கிறார், அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் மூளைத்தண்டில் ரத்தக்கசிவு ஏற்பட்டு வதனாபே மேடையிலிருந்து விலக நேர்ந்தது. அதன் பிறகு பதிவுகளின் மதிப்பு வேறாகிவிடுகிறது. ஒரு கலைஞன் வாசித்தான் என்பதற்கு அவை மட்டுமே சாட்சி. அவற்றிலிருந்து அவனை நீக்குவது எவ்வளவு சுலபம் என்றும் பார்த்துவிட்டோம். அவரைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் ‘டோ சி கா’வை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ‘பப்ளிக் பிரஷர்’, உடனே ‘ஃபேக்கர் ஹாலிக்’. அந்த வரிசையில் கேளுங்கள்.