விவிலியத்திற்குள் சுத்தியல்: 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' திரைப்படமும் கிறிஸ்து படிம வாசிப்பின் போதாமையும்

ஆய்வுச் சுருக்கம்

வெகுசனத் திரைப்படங்களில் கிறித்தவ நம்பிக்கைப் பாடங்களைத் தேடும் வாசிப்பு, பெரும்பாலும் கதைத்தலைவனைக் கிறிஸ்துவின் படிமமாகக் காண்பதோடு நின்றுவிடுகிறது. ஃபிராங்க் டாரபாண்ட் இயக்கிய 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' (1994) படத்தில் அவ்வாசிப்பு எவற்றை விட்டுவிடுகிறது என்பதையும், மீட்பு குறித்த அப்படத்தின் சிந்தனை எந்தப் பாத்திரத்திடம் வெளிப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கிறிஸ்து படிமம், மீட்பு, திரைப்படமும் இறையியலும், ஷாஷாங்க், வெகுசனப் பண்பாடு

படிமத்தைத் தேடும் முறை

திரைப்படத்தில் கிறிஸ்துவின் சாயலைத் தேடுவோருக்கு ஓர் அளவுகோலை வகுத்தளித்தவர் ஆன்டன் கார்ல் கோஸ்லோவிக். 2004இல் வெளியான தம் கட்டுரையில் கிறிஸ்து படிமத்திற்குரிய 25 அமைப்புக் கூறுகளை அவர் பட்டியலிட்டார். வெளியிலிருந்து வருபவன், பன்னிரு துணைவர், காட்டிக்கொடுப்பவன், குற்றமின்மை, சிலுவை வடிவ உடல்நிலை, மரணமும் உயிர்ப்பும் ஆகியவை அவற்றுட் சில. நீலக் கண்களும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. நீலக் கண் ஐரோப்பிய ஓவிய மரபு வரைந்த கிறிஸ்துவுக்கு உரியதேயன்றி நற்செய்திகள் கூறும் கிறிஸ்துவுக்கு உரியதன்று. இந்த ஒரு கூறே அளவுகோலின் இயல்பைக் காட்டிவிடுகிறது. கிறிஸ்டோபர் டீசி 2006இல் எழுதிய கட்டுரை, இத்தகைய தேடல் விமரிசன நோக்கின்றி நிகழ்வதைக் கண்டித்தது. ஒப்புமைகளை எண்ணி முடித்தபின் படத்தைப் பற்றியோ இறையியலைப் பற்றியோ புதிதாக எதுவும் அறியப்படுவதில்லை என்னும் ஐயம் நியாயமானதே.

ஸ்டீபன் கிங் 1982இல் வெளியிட்ட குறுநாவலைத் தழுவிய ஷாஷாங்க் படம் இத்தேடலுக்கு மிக எளிதில் இடம்கொடுப்பது. மனைவியையும் அவளது காதலனையும் கொன்றதாகப் பொய்யாகத் தண்டிக்கப்பட்ட வங்கியாளன் ஆண்டி டூஃப்ரேன் 1947இல் ஷாஷாங்க் சிறைக்கு வருகிறான். கூரையில் தார் பூசும் கைதிகளுக்கு அவன் பீர் வாங்கித் தருகிறான்; தான் அருந்துவதில்லை. இது இறுதி இராவுணவாக வாசிக்கப்படுகிறது. பத்தொன்பது ஆண்டுகள் சுவரைக் குடைந்து, கழிவுநீர்க் குழாயினூடே ஊர்ந்து வெளியேறி, கொட்டும் மழையில் கைகளை விரித்து நிற்கிறான். குழாய் கல்லறையாகவும், மழை திருமுழுக்காகவும், விரித்த கைகள் சிலுவையாகவும் ஆகின்றன. அமெரிக்க சபைகள் பலவற்றில் படத்தின் ஒரு துண்டைத் திரையிட்டு அருளுரை நிகழ்த்தும் வழக்கம் உண்டு. அத்தகைய துண்டுக்கு இம்மழைக்காட்சி ஏற்றது. ஆயினும் மழையை மட்டும் வெட்டி எடுக்கும்போது சிறைக் கண்காணிப்பாளர் நார்ட்டன் வெட்டுப்பட்டு வெளியே விழுந்துவிடுகிறார்.

நார்ட்டனின் விவிலியம்

படத்தில் விவிலியத்தை மிகுதியாக எடுத்தாள்பவர் நார்ட்டனே. புதிய கைதிகளிடம், தாம் நம்புபவை ஒழுங்கும் விவிலியமும் என அறிவித்து இரண்டையும் அவர்களுக்கு வழங்குவதாகக் கூறுகிறார். பின்னர் ஆண்டியின் அறை சோதனையிடப்படுகிறது. விருப்பமான வசனம் எது என்று அவர் வினவ, ஆண்டி மாற்கு 13:35ஐக் கூறுகிறான். வீட்டுத் தலைவர் எப்போது வருவார் எனத் தெரியாததால் விழித்திருக்கப் பணிக்கும் வசனம் அது. நார்ட்டன் யோவான் 8:12ஐ, அதாவது உலகின் ஒளி பற்றிய வசனத்தை, மறுமொழியாகத் தருகிறார். ஒளியை எடுத்துக்காட்டிய அவரே பின்னாளில் ஆண்டியை இருட்டறையில் இரண்டு மாதம் அடைத்து வைக்கிறார். ஆண்டி குற்றமற்றவன் என மெய்ப்பிக்கக்கூடிய சாட்சியான டாமியைச் சுட்டுக் கொல்லவும் ஏற்பாடு செய்கிறார். இறைத்தீர்ப்பு விரைவில் வரும் என்னும் பொருள்பட அவர் மனைவி செய்த பூத்தையல் ஒன்று சுவரில் தொங்குகிறது. கள்ளக்கணக்கு ஏடுகள் இருக்கும் பெட்டகம் அதன் பின்னால்தான் உள்ளது.

சோதனை முடிந்து விவிலியத்தை ஆண்டியிடம் திருப்பித் தருகையில், மீட்பு இதற்குள்ளேயே உள்ளது என்னும் கருத்தில் நார்ட்டன் பேசுகிறார். சுவரைக் குடைந்த சிறு சுத்தியல் அதற்குள்தான் இருந்தது. ஆண்டி தப்பிய பின்னர் நார்ட்டன் அந்நூலைத் திறக்கிறார். அவர் கூறியது சரியே என்று ஒப்புக்கொள்ளும் குறிப்பையும், சுத்தியல் வடிவில் வெட்டப்பட்ட பக்கங்களையும் காண்கிறார். வெட்டு தொடங்குமிடம் எபிரேயர் அடிமைத்தளையிலிருந்து வெளியேறிய வரலாற்றைக் கூறும் நூலாகும். பழைய தமிழ் விவிலியத்தில் இதன் பெயர் யாத்திராகமம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் விடுதலைப் பயணம். பழைய பெயர் பயணத்தை மட்டும் சுட்டுகிறது. படத்தின் சிலேடையைத் தமிழில் முழுமையாகத் தாங்கக்கூடியது புதிய பெயரே.

இக்காட்சிக்கு இரு பொருள் கொள்ளலாம். மறைநூல் கருவிப்பெட்டியாக மட்டுமே பயன்பட்டது என்பது ஒன்று. அதிகாரத்தின் கையில் அடக்குமுறையாக இருந்த நூல், அடக்கப்பட்டவன் கையில் அதன் தொடக்கப் பொருளை மீண்டும் பெற்றது என்பது மற்றொன்று. படம் இரண்டிற்கும் இடம் தருகிறது. எதைத் தேர்ந்தாலும் நார்ட்டனைக் கணக்கில் கொள்ளாமல் பொருள் கூற இயலாது. நம்பிக்கைப் பாடம் தேடுவோர் தம்மை ஆண்டியோடு ஒப்பிட்டுக்கொள்ள விரைகின்றனர். கையில் விவிலியத்துடன் மேடையில் நிற்பவருக்குப் படம் முதலில் காட்டும் கண்ணாடி நார்ட்டன்தான்.

குற்றமற்றவன் யார்?

ஆண்டியின் குற்றமின்மையும் பட்டியல் எதிர்பார்க்கும் அளவிற்குத் தூயதன்று. நார்ட்டனின் ஊழல் பணத்தைக் கற்பனை மனிதன் ஒருவன் பெயரில் வெளுத்துக் கொடுத்தவன் அவன். வெளியேறியபின் அப்பணத்தைத் தானே எடுத்துக்கொள்கிறான். மனைவியைத் தன்னிடமிருந்து விலக்கித் துரத்தியது தானே என்று ரெட்டிடம் ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். எவருக்காகவும் அவன் உயிர் துறப்பதில்லை. அவன் தப்பியதால் வேறெவரும் விடுதலை பெறவுமில்லை. பதிலீட்டுப் பலி என்னும் கிறிஸ்தியலின் மையக் கருத்து இக்கதையில் இல்லை.

'மீட்பு' என்னும் சொல் இவ்விடத்தில் உதவக்கூடும். பழைய மொழிபெயர்ப்பு 'இரட்சிப்பு' என வழங்கிய கருத்தையும் பொது மொழிபெயர்ப்பு 'மீட்பு' என்றே வழங்குகிறது. அன்றாட வழக்கில் மீட்பது அடகு வைத்த நகையை. அங்கு ஒரு கடனும் ஒரு விலையும் உண்டு. பொய்க்குற்றம் சாட்டப்பட்ட ஆண்டிக்குச் சட்டத்தின் முன் கடன் இல்லை, அவன் தப்புகிறான். கடன் உள்ளவன் ரெட். அவனே கதையைச் சொல்பவன். தங்களைக் குற்றமற்றவர்கள் எனக் கூறிக்கொள்ளும் கைதிகளிடையே, ஷாஷாங்கில் தான் ஒருவனே குற்றவாளி என்று சொல்பவனும் அவனே.

ரெட் மூன்று முறை பரோல் குழுவின் முன் நிற்கிறான். 1947இலும் 1957இலும் தான் திருந்திவிட்டதாக, குழு கேட்க விரும்பும் சொற்களைப் பணிவுடன் ஒப்பிக்கிறான், இருமுறையும் மறுக்கப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் கழிந்த 1967இல் அச்சொல்லையே பொருளற்றதென ஒதுக்குகிறான். குற்றம் செய்த அந்த இளைஞனிடம் பேச விரும்புவதாகவும், அவன் இப்போது இல்லை என்றும், கிழவனான தான் மட்டுமே எஞ்சியிருப்பதாகவும் கூறுகிறான். ஒப்புதல் கிடைக்கிறது. லூக்கா 18:9-14இல் வரும் பரிசேயனும் வரிதண்டுவோனும் இங்கு ஒரே மனிதனாகின்றனர். தன் தகுதியை எடுத்துரைத்த இருமுறையும் ரெட் பரிசேயனின் இடத்தில் நிற்கிறான். சொல்வதற்குத் தகுதி ஏதுமில்லை என்றபோதுதான் வரிதண்டுவோனின் இடத்திற்கு வந்து சேர்கிறான். மழையில் விரித்த கைகளைக் காட்டிலும் இவ்வறையில் கேட்கும் தளர்ந்த குரல் நற்செய்திக்கு நெருக்கமானது.

இவ்வொப்புமைக்கும் எல்லை உண்டு. வரிதண்டுவோன் கடவுளின் முன் நிற்கிறான். ரெட் தன் இளமையின் முன் நிற்கிறான். அவன் இரக்கம் கேட்பதுமில்லை, மன்றாடுவதுமில்லை. கடவுளின் இடத்தைப் படம் வெறுமையாகவே விடுகிறது. அவ்வெறுமையை வாசிப்பவர் நிரப்பினால் அது வாசிப்பவரின் நம்பிக்கையே தவிரப் படத்தின் கூற்றாகாது.

இதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. குறுநாவலில் ரெட்டின் குற்றத்திற்கு உருவம் இருக்கிறது. காப்பீட்டுப் பணத்திற்காக மனைவியைக் கொல்லக் காரின் பிரேக்கை அவன் பழுதாக்குகிறான். காரில் உடன்சென்ற அண்டைவீட்டுப் பெண்ணும் அவளது கைக்குழந்தையும் சேர்ந்து இறக்கின்றனர். படம் இம்மூவரையும் நீக்கி, கொலை என்னும் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. பார்வையாளர் ரெட்டை எளிதில் மன்னிப்பதற்கு இந்த நீக்கம் துணைசெய்கிறது. பசிபிக் கடற்கரையில் இரு நண்பர்களும் சந்திக்கும் இறுதிக் காட்சியில் மனம் நெகிழும் எவரும் அக்குழந்தையை நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய தேவையைப் படம் ஏற்படுத்தவுமில்லை.