கொண்டலுக்கு மேற்கே, வாடைக்குத் தெற்கே

ஐப்பசி பிறந்ததும் தாம்பரத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? துடைத்து, எண்ணெய் போட்டு, மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, மேலே பழைய போர்வை ஒன்றைப் போர்த்திவிடுகிறார்கள். "மழை விடட்டும் சார், தை மாசம் எடுத்துக்கலாம்." இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. வருஷம் முழுக்க வெயிலில் வெந்த ஊர் இது. ஏரி நிரம்பி, வயல் பச்சை பிடித்து, பகல் பன்னிரண்டு மணிக்குக்கூடத் தலையில் சூடு ஏறாமல் இருப்பது இந்த இரண்டு மாதம்தான். அந்த இரண்டு மாதத்தில் சைக்கிளுக்குப் போர்வை!

ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் பழந்தமிழில் கூதிர்காலம் என்று பெயர். தனியாக மூன்று நான்கு நாள் சைக்கிளில் சுற்றுவதற்கு இந்த மண்ணில் இதைவிட நல்ல காலம் கிடையாது.

அடிப்படைகளைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். ஓடுகிற எந்த சைக்கிளும் போதும். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி 1949-ல் தொடங்கியது; அங்கிருந்து வந்த ஹெர்குலிஸ் ஒன்று உங்கள் பெரியப்பா வீட்டில் இன்னும் நின்றால் அதையே எடுங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் கற்றபோது கியரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் மட்கார்டு கட்டாயம் வேண்டும். ஃபிரேமின் எடையைக் கிராம் கணக்கில் எழுதுகிற விமர்சகர்கள் மட்கார்டைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. நனைந்த ரோட்டில் பத்து கிலோமீட்டர் போனவர் அப்படி எழுத மாட்டார். ஒரு ட்யூப், பம்ப், பஞ்சர் சாமான், பின்னால் சிவப்பு விளக்கு, துணிக்கு இரண்டு பிளாஸ்டிக் பை, ஒரு லுங்கி. சாயங்காலம் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். நாளுக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் போதும். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில் வெளியே போகாதீர்கள். 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். அந்த மழையோடு விளையாட்டு கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. கூதிர்காலப் பயணிக்குக் கடைசி இரண்டும் உயிர். வானொலியும் தொலைக்காட்சியும் எல்லாவற்றையும் "வடகிழக்குப் பருவக்காற்று" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. சைக்கிளில் உட்கார்ந்தவருக்கு அது போதாது. கொண்டலும் வாடையும் வேறு வேறு ஆட்கள்.

கொண்டல் கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு விட்டுவிட்டு வரும். ஒரு மேகம் வரும், பத்து நிமிடம் கொட்டும், வெயில் அடிக்கும், அடுத்த மேகம் வரும். அந்த மழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் கரையேறும். வாடை அப்படியில்லை, விட்டு விட்டு வராது, ஒரே சீராக இழுக்கும். வானம் தாழ்ந்து சாம்பல் நிறத்தில் கிடக்கும், காது மடல் சில்லிடும். பார்த்துப் பழக ஏரிக்கரை நல்ல இடம். கொண்டல் அடித்தால் அலை மேற்குப் பக்கம் போய் மோதும், வாடை அடித்தால் தெற்குக் கரையை நக்கும். காற்று பலமாக இருந்தால் கொக்குகள் அது வரும் திசைக்கே முகம் கொடுத்து நிற்கும். டீக்கடைப் புகையும் வேலிக் கருவேலத்தில் மாட்டிய பிளாஸ்டிக் பையும்கூடச் சொல்லிவிடும்.

இன்னும் ஒரு படி போகலாம். பைஸ் பாலட் என்ற டச்சு வானிலை அறிஞர் 1857-ல் சொன்ன விதி ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், தாழ்வழுத்தம் அவருடைய இடக்கைப் பக்கம் இருக்கும். முடிச்சூர் ரோட்டில் நின்று பாருங்கள். கொண்டலுக்கு முதுகு கொடுத்தால் இடது கை தெற்கே நீளும்: தாழ்வு நமக்குத் தெற்கே இருக்கிறது. வாடைக்கு முதுகு கொடுத்தால் இடது கை கிழக்கே நீளும்: அது கடலில் உட்கார்ந்திருக்கிறது. கார்த்திகை மாதத்தில் திடீரென்று மேற்குக் காற்று அடித்தால், தாழ்வு நம்மைத் தாண்டி வடக்கே போய்விட்டது. செயலி எதுவும் வேண்டாம், இரண்டு கை போதும்.

இந்த வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்பீர்கள். பாதையைத் தீர்மானிப்பதே இதுதான். கொண்டல் நாளில் மேற்கே போங்கள்: முடிச்சூர், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம். வழியில் சற்று விலகினால் மணிமங்கலம். நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்று. ஒரகடம் வரை கன்டெய்னர் லாரிகள் உண்டு, ஓரமாகப் போங்கள். மறுநாள் பாலாறும் செய்யாறும் கடந்து உத்திரமேரூர், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. பிறகு வேடந்தாங்கல். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் வந்து இறங்குவதைக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். பறவை எச்சம் கலந்த அந்தத் தண்ணீர்தான் வயலுக்கு உரம். மதுராந்தகம், செங்கல்பட்டு வழியாக வீடு.

வாடை நாளில் தெற்கே: வண்டலூர், செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், கடப்பாக்கத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை, உப்பளங்கள் மழைநீரில் முங்கிக் கிடக்கும் மரக்காணம், புதுச்சேரி. திரும்பும்போது சைக்கிளை ரயிலில் லக்கேஜாகப் பதிவு செய்துவிடுங்கள். வாடைக்கு எதிரே மிதித்து வருவது வீரமில்லை.

கணக்கு எளிது. மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதிக்கிறீர்கள், எதிரே 15 கிலோமீட்டர் காற்று. உங்கள் மார்பில் மோதும் காற்று 30. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதே காற்று முதுகில் வந்தால் தடை பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தைத்தான் ரசிக்க வேண்டும். முதுகுக் காற்று சத்தம் போடாது. வாலாஜாபாத் தாண்டிய ஒரு திருப்பத்தில் திடீரென்று காதில் இரைச்சல் நின்றுபோகும். ஈர ரோட்டில் டயர் ஒட்டிப் பிரியும் ஓசை, செயின் ஓசை, வயலில் தவளை. சட்டை அசையாது, மரம் மட்டும் உங்களோடு சேர்ந்து முன்னால் சாயும். பலர் அதைத் தங்கள் கால் பலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அப்படி நினைக்காதீர்கள்.

கூட்டமாகப் போனால் இது கிடைக்காது. முன்னால் போகிறவரின் முதுகு எதிர்க்காற்றை மறைத்துவிடும், முதுகுக் காற்றின் அருமை தெரியாமல் போகும். தனியாகப் போகச் சொல்வது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கே கிளம்பி, ஒரே நிற பனியனில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இட்லிக்குப் போய்த் திரும்புகிறவர்களைப் பார்க்கிறேன். காற்று எழும் முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அதில் பயணமே இல்லை, மேலோட்டமான உடற்பயிற்சிதான் இருக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் பிரெவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டக்காரர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் கடிகாரத்தைப் பார்க்கிறவர் கொக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்ப்பதில்லை. நீங்கள் எட்டு மணிக்குக் கிளம்புங்கள். கொண்டலின் விடியல் மழை ஓய்ந்திருக்கும். வாடை ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் நிலத்தில் வலுப்பிடிக்கும்.

தமிழ்ப் பேராசிரியர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. வாடை என்றாலே பிரிவுத் துயரம் என்று பாடம் நடத்திவிட்டார்கள். நக்கீரர் ஒரு பாட்டுக்கு நெடுநல்வாடை என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் "நல்" இருக்கிறதே, அதற்கு நின்று ஒரு நிமிடம் கொடுங்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, முதல் முறை தனியாகப் போனபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. உத்திரமேரூர் ரோட்டில் இருட்டிக்கொண்டு வந்தது, ஒரு புளியமரத்தடியில் அரை மணி நேரம் ஒதுங்கினேன். பக்கத்தில் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கொண்டல்தான்பா, இப்ப விட்ரும்." விட்டது. நான் புத்தகத்தில் படித்த சொல்லை அவர் அன்றாடம் புழங்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒரு கூதிர்காலத்தையும் நான் வீட்டில் கழித்ததில்லை.

போர்வையை எடுங்கள். நாளைக் காலை மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். முடிச்சூர்ப் பக்கம் பறந்தால் காஞ்சிபுரம். வண்டலூர்ப் பக்கம் பறந்தால் புதுச்சேரி.