பொன்னியா காப்பாற்றினாள்?

'பொன்னியின் செல்வன்' என்ற பெயர் எப்படி வந்தது என்பது நாவலைப் படித்த எல்லோருக்கும் தெரியும். சிறுவன் அருள்மொழி குடும்பத்தோடு படகில் போகும்போது காவிரியில் விழுந்துவிடுகிறான். ஒரு பெண் அவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறைந்துபோகிறாள். காவிரித்தாயே வந்து காப்பாற்றினாள் என்று அரண்மனை முடிவு செய்கிறது. பெயர் ஒட்டிக்கொள்கிறது. உண்மையில் காப்பாற்றியது மந்தாகினி என்ற வாய் பேசாத கடலோரப் பெண். இளவரசனுக்கு இது புரிவது பல வருஷம் கழித்து, இலங்கையில், அவள் சுவரில் வரைந்து வைத்திருக்கும் சித்திரங்கள் வழியாக. தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. ஐந்து பாகங்களின் அட்டையிலும் நன்றி ஆற்றுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பள்ளிக்கூட விடுமுறையில் முதல் தடவை படித்தபோது இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை. அப்போது ஒரே வேலை வந்தியத்தேவன் குதிரைக்குப் பின்னால் ஓடுவதுதான். வீரநாராயண ஏரி, ஆடிப் பதினெட்டு, கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதி என்று பக்கம் பறக்கும். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வந்த தொடர்கதை இது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டாயம் இன்றைக்கும் வேலை செய்கிறது. 'இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்' என்று சொல்லிக்கொண்டே விடிந்துவிடும்.

இந்த முறை படித்தது ராயபுரத்தில், மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேடு துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். ஆட்கள் வலை சரிபார்ப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கடல் என்றால் இங்கே முதலில் வேலைதான், காட்சியெல்லாம் அப்புறம். அந்தக் கண்ணோடு படித்தால் நாவலின் மையம் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. குதிரைகள் பின்னால் போய், படகு முன்னால் வருகிறது.

கதையில் முக்கியமான ஆட்களை உயிரோடு கரை சேர்ப்பது யார் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோவது பூங்குழலி. குதிரை மேல் இருக்கும்வரை அவன் வீரன். அவள் படகில் ஏறியதும் ஒன்றும் தெரியாத பயணி. புயலில் கப்பல் எரிந்து, அவனும் அருள்மொழியும் நடுக்கடலில் மிதக்கும்போது மீட்பதும் அவள் படகுதான். காய்ச்சலில் நினைவிழந்து கிடக்கும் இளவரசனைக் கால்வாய் வழியாக நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்குக் கொண்டுபோவதிலும் சேந்தன் அமுதனோடு அவள் இருக்கிறாள். பூங்குழலியின் கையில் துடுப்பு இல்லையென்றால் இரண்டாம் பாகத்தோடு கதை முடிந்துபோயிருக்கும். பின்னால் ராஜராஜன் என்று ஒருவன் வந்திருக்கவே மாட்டான்.

பூங்குழலியின் அத்தை மந்தாகினியின் கணக்கு இன்னும் கனமானது. தீவில் ஒதுங்கிய இளைஞன் சுந்தர சோழனைக் கரடியிடமிருந்து காப்பாற்றுகிறாள். பிறகு அவன் மகனை ஆற்றிலிருந்து எடுக்கிறாள். கடைசியில் அரண்மனையில் அவனை நோக்கி வந்த வேலைத் தன் உடம்பில் வாங்கிச் சாகிறாள். அரசனோ, அவள் கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்திலிருந்து கடலில் விழுந்து என்றைக்கோ செத்துப்போனாள் என்று நம்புகிறான். உயிரோடு எதிரே வந்து நின்றாலும் ஆவி என்று அலறுகிறான். மகன் விஷயத்தில் தெய்வம், அப்பன் விஷயத்தில் பேய். அந்தக் குடும்பத்தின் கண்ணுக்கு அவள் ஒரு மனுஷியாகத் தெரிய மூன்று உயிர்ப்பிச்சை தேவைப்படுகிறது. சிறுவயதில் இந்தப் பகுதிகள் எனக்கு மர்மக்கதை. இப்போது படிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

கல்கி இதை அறியாமல் எழுதினார் என்று என்னால் நம்ப முடியவில்லை. தலைப்புக்கு அடியிலேயே இந்த உண்மையைப் புதைத்து வைத்தவர் அவர். கோடிக்கரைச் சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று காட்டும் பூங்குழலிக்கு, குந்தவைக்கும் வானதிக்கும் கிடைக்காத ஒரு சுதந்திரத்தையும் கொடுத்தார். யார் வீட்டு முற்றத்திலும் அவள் காத்து நிற்பதில்லை. அதே சமயம், அவளுக்கு ஒரு முடிவு தேடும்போது கல்கியின் கை அரண்மனைப் பக்கமே போகிறது. பூக்கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதனை அவள் மனதார ஏற்கிறாள். அவன்தான் செம்பியன் மாதேவியின் சொந்த மகன், குழந்தையில் இடம் மாறியவன் என்று பிறகு தெரிகிறது. உத்தம சோழனாக அவனுக்கு முடி சூட்டுகிறார்கள். அவள் பட்டத்தரசி ஆகிறாள்.

வரலாற்றில் ராஜராஜனுக்கு முன் உத்தம சோழன் ஆண்டது நிஜம். அருள்மொழி ஏன் விலகினான் என்பதற்குக் கதை ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். அதற்குக் கல்கி கண்டுபிடித்த வழி இது. கெட்டிக்கார வழிதான். ஆனால் இங்கே ஒரு உறுத்தல் இருக்கிறது. அமுதனை வளர்த்தவள் வாய் பேசாத வாணி அம்மை. அவன் நல்ல குணம் அந்தக் குடிசையில் உருவானது. கிரீடம் மட்டும் ரத்தத்தின் வழியாக வருகிறது. நாவலில் ரத்தக் கணக்கு இல்லாமல் அரியணை ஏறும் ஒரே ஆள் பூங்குழலி. அதற்கு அவள் கொடுக்கும் விலை கடல். நல்ல முடிவு என்று மனசு சொல்கிறது. துடுப்பை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்களே என்றும் அதே மனசு சொல்கிறது.

மணிரத்னத்தின் படங்கள் (2022, 2023) இந்தச் சிக்கலைத் தொடவே இல்லை. அங்கே குழந்தை மாற்றம் கிடையாது, மதுராந்தகனே முடி சூடுகிறான். இரண்டு படத்துக்குள் அடக்க ஏதாவது போகத்தான் வேண்டும், சரி. ஆனால் போனது கிளைக்கதை என்று பலர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓடம் தள்ளியவளை அரியணையில் உட்கார வைத்துப் பார்த்த ஒரே காட்சி அது.

சோழர் கடற்படை என்றால் இன்றைக்கு இணையம் முழுக்கப் புலிக்கொடி பறக்கிறது. கடாரம் வரை போன கப்பல்களைப் பற்றிப் பெருமைப்படுகிறோம். அந்தக் கப்பலுக்குக் காற்றின் திசை சொல்ல ஒருவர் இருந்திருப்பார். கொண்டலா, கச்சானா, வாடையா என்று முகத்தில் படும்போதே தெரிந்தவர். மெய்க்கீர்த்திகள் பாடுவது அரசனை. பின்னால் வந்த பெருமையும் அதே வழியில் போகிறது. கல்கி அந்த ஆளுக்கு ஒரு பெயர் வைத்தார், முன்கோபம் கொடுத்தார், பாட்டுக் கொடுத்தார். அதனால்தான் இத்தனை உறுத்தலுக்குப் பிறகும் இந்த நாவல் எனக்குச் சின்னதாகவில்லை.

முதல் முறை படிக்கப் போகிறவர்கள் குதிரைக்குப் பின்னாலேயே ஓடுங்கள், அந்தச் சுகம் வேறு. இரண்டாம் முறை எடுக்கும்போது மட்டும், ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் தண்ணீரிலிருந்து மேலே வரும் இடத்தில் கொஞ்சம் நின்று, தூக்கிய கை யாருடையது என்று பாருங்கள்.