அழியாத பதிவு: ஹியூகோவின் நாவல் எழுப்பும் வினா

விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ள்' (1862) சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பில் 'ஏழை படும் பாடு' என்று பெயர் பெற்றது. 1950இல் அதே பெயரில் திரைப்படமும் வெளிவந்தது. வறுமையை முன்னிறுத்தும் அத்தலைப்பு பொருத்தமற்றதன்று. எனினும் ரொட்டி திருடத் தூண்டிய வறுமை ழான் வல்ழான் கதையின் வாயில் மட்டுமே. அனுபவித்து முடித்த தண்டனை ஏன் முடிய மறுக்கிறது என்பதே அக்கதையின் மையவினா என நாம் கருதுகிறோம்.

19 ஆண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் 1815இல் வெளிவரும் வல்ழானிடம் மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு தரப்படுகிறது. உள்நாட்டில் ஊர்விட்டு ஊர் செல்வதற்கும் கடவுச்சீட்டு வேண்டியிருந்த காலம் அது. அவன் முன்னாள் கைதி என்பதை அத்தாளே அறிவித்துவிடும். கிராஸ் நகரில் அதைக் கண்ட முதலாளி கூலியைக் குறைக்கிறார். தீஞ் நகரிலோ, கையில் பணமிருந்தும் விடுதிகள் அவனுக்கு இடந்தர மறுக்கின்றன.

ஆயர் மிரியேலின் கருணையே நாவலின் உச்சம் என்பது பொதுவான வாசிப்பு. ஒரு மனிதனின் உள்ளத்தைத் திருப்ப அக்கருணை போதுமானதாயிற்று. ஆனால் தாளிலுள்ள ஓர் எழுத்தையும் அதனால் மாற்ற இயலவில்லை.

வேறோர் ஊரில் மதலேன் என்னும் புதுப்பெயருடன் வல்ழான் நகரத் தலைவராக உயர்வது எவ்வாறு? அவன் அங்கு வந்த மாலையில் தீப்பற்றியது. காவல் அதிகாரியின் குழந்தைகளை அவன் மீட்டான். அந்தப் பரபரப்பில் எவரும் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. தற்செயலான இம்மறதியே அவனுக்குக் கிட்டிய ஒரே பதிவுநீக்கம். அதுவும் நிலைக்கவில்லை. ஷான்மத்தியே என்னும் வேறொருவன் வல்ழானென்று தவறாக அடையாளங்காணப்பட்டு ஆயுள் தண்டனையை எதிர்நோக்கி நிற்கிறான். அராஸ் நீதிமன்றத்தில் மதலேன் தன்னை வெளிப்படுத்தும் பகுதியில் ஹியூகோ ஓர் ஆழ்ந்த உண்மையைத் தொடுகிறார். தனிமனிதன் தானே மறைத்துக்கொள்ளும் கடந்தகாலத்திற்கான விலையைப் பிறிதொருவர் செலுத்த நேரிடலாம். ஆகவே அம்மறைப்பைச் சட்டமே ஏற்றுச் செய்ய வேண்டும்.

பின்னர் விதிக்கப்படும் மரண தண்டனையை மன்னர் ஆயுட்காலக் கடின உழைப்பாகக் குறைக்கிறார். உயிர் தப்புகிறது, 24601 என்ற கைதி எண் 9430 ஆகிறது. ஆயரின் கருணையைப் போலவே மன்னரின் கருணையும் பதிவைத் தொடவில்லை. பிரான்சின் 1808ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், தண்டனை முடித்தோர்க்கு இழந்த உரிமைகளை மீட்டளிக்கும் வழி இருந்தது. ஆனால் மீண்டும் குற்றம்புரிந்தவர்க்கு அவ்வழி நிரந்தரமாக அடைபட்டிருந்தது. ழெர்வே என்ற சிறுவனின் ஒரு நாணயத்தைக் கவர்ந்த குற்றம் வல்ழானை அவர்களுடன் சேர்த்துவிடுகிறது.

இவ்வினா நமது ஃபிக்ஹ் மரபுக்கும் புதிதன்று. கற்புடைய பெண்டிர்மீது அவதூறு கூறித் தண்டனை பெற்றவர் தவ்பா செய்தபின் அவரது சாட்சியம் ஏற்கப்படுமா? சூரா அந்நூரின் 4, 5ஆம் வசனங்களிலுள்ள விதிவிலக்கு எதைச் சாரும் என்பதில் இமாம்கள் வேறுபட்டனர். ஏற்கப்படும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. பாவி என்ற பெயர் நீங்கும், சாட்சியத் தகுதி மீளாது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. இறைவனிடம் பெறும் மன்னிப்பு வேறு, மன்றத்தில் மீளும் தகுதி வேறு என்பதை அறிந்தே அவ்வறிஞர்கள் விவாதித்தனர்.

ஹியூகோவிடம் நாம் காணும் குறையும் இதைச் சார்ந்ததே. வல்ழான் தன் கடந்தகாலத்தைச் சொன்னதும், சட்டம் பயின்ற மாரியுஸ் அவனை வீட்டிலிருந்து மெல்ல விலக்குகிறான். ஏடு மனத்திற்குள்ளும் இருப்பதை ஆசிரியர் நுட்பமாகக் காட்டுகிறார். ஆயினும் தீர்வை மரணப் படுக்கைக்கு ஒத்திவைக்கிறார்; இறுதியில் கல்லறையிலும் பெயரில்லை. மன்னிக்கும் ஆயரையும் மன்னரையும் காட்டியவர், பதிவை நீக்கும் ஓர் அமைப்பைக் கற்பனை செய்யவில்லை. நாவல் வெளிவருமுன்னரே, 1850இல், பிரான்சில் குற்றப்பதிவேட்டு முறை நிறுவப்பட்டிருந்தது. குறிப்பிட்ட காலம் புதிய குற்றமின்றிக் கழிந்தால் உரிமைகள் தாமே மீளும் என்ற சட்டம் 1899இல்தான் வந்தது. ஹியூகோ 1885இலேயே மறைந்துவிட்டார்.

திருந்தியவரை மன்னிப்பது தனிமனிதரின் பண்பு. அவர் திருந்தியதை ஏட்டிலும் ஏற்பது சமூகத்தின் கடமை. வல்ழானுக்காக மனமிரங்கும் வாசகர், வேலை கேட்டுத் தம் வாயிலுக்கு வரும் முன்னாள் கைதியிடம் தாம் எந்தத் தாளைக் கேட்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.