காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரத்தில் பால்மரம் நின்ற எத்தனையோ தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. உதிர்ந்த பழம் காட்டுப்பன்றிக்கு ஆண்டு முழுக்கத் தீனி. நெகிரி செம்பிலானில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பாசோ காட்டில், 1996இல் சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் என்று ஆய்வாளர் ஒருவர் கணக்கிட்டார். இளங்கன்றைக் கிளறிக் குருத்தைத் தின்னும் பிராணியைச் சுட்டுத்தான் ஆகவேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. பிரட்டலுக்குக் கறி கிடைப்பது தனிச் சந்தோஷம். எதனால் சுடுவது என்பதில்தான் வழக்கு.

கைத்துப்பாக்கித் தோட்டா போடும் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியே போதும் என்பார்கள் சிலர். அதற்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. வின்செஸ்டர் 1873இல் கொண்டுவந்த .44-40 தோட்டாவுக்கே கோல்ட் நிறுவனம் பிறகு ரிவால்வரும் செய்தது. இரண்டுக்கும் ஒரே பெட்டித் தோட்டா போதும். எடை குறைவு, உதைப்பும் குறைவு. ஒன்பது மீட்டர் இடைவெளியில் நட்ட செம்பனையில் மட்டை தாழத் தொங்கும். நீளக் குழல் இடிக்கும், பார்வையும் தூரம் போகாது. கார்பைன் இந்த இடத்துக்கென்றே செய்தது போலத் தோன்றும்.

கணக்குப் பார்த்தால் கவர்ச்சி குறைகிறது. 9 மி.மீ. தோட்டாவில் மருந்து கொஞ்சம். குழலை நீட்டினாலும் சுமார் 650 ஜூல்தான் தேறும். .44 மேக்னம் கார்பைனில் 2,000 ஜூலைத் தாண்டும். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மலிவு, உதைப்பில்லை என்று புகழப்படுவது 9 மி.மீ.தான். கிழட்டு ஆண் பன்றியின் தோள்பட்டையில் கெட்டியான தோல்கவசம் இருக்கும். அதில் பட்ட சின்னக் குண்டு ஆளைச் சாய்க்காது. ரத்தம் சொட்டச் சொட்டப் பன்றி சதுப்பில் மறையும், தேடிப்போகிறவன் தொடைக்குத்தான் ஆபத்து. தவறிய குண்டோ ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். அந்தத் தூரத்தில் லயமோ பழம் வெட்டும் ஆட்களோ இருப்பார்கள். செனாப்பாங் பத்தா என்னும் மடக்குத் துப்பாக்கியிலிருந்து எட்டொன்பது ஈயக்குண்டு ஒரே வெடியில் போகும். முப்பது மீட்டருக்குள் பன்றி விழும், தாண்டியதும் வேகம் சட்டென்று தளரும். தோட்டத்துக்கு அந்தக் குறைபாடே நல்லது.

சத்தமின்மை என்றொரு வாதம் மிச்சம். .45 கைத்துப்பாக்கித் தோட்டா போட்ட டி லைல் கார்பைன் அதற்கே பேர்போனது; சுமார் 130 தான் செய்தார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகால மலாயாவிலும் அது புழங்கியது. ஆனால் அதே அவசரகாலம்தான் இங்கே துப்பாக்கியின் அர்த்தத்தை மாற்றி, அந்த வாதத்துக்கு இடமில்லாமல் செய்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4இல் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆறே தோட்டா! 1960இன் ஆயுதச் சட்டமும் 1971இன் கடுந்தண்டனைச் சட்டமும் அந்த அச்சத்தின் வாரிசுகள்: லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி.

இந்தக் கெடுபிடியால் கார்பைன் தோட்டத்துக்குள் வராதது நல்லதே. ஆனால் பன்றி சுடவும் 2010 வனவிலங்குச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் தனி லைசன்ஸ் வேண்டும். இரண்டு லைசன்ஸுக்கும் அலைய முடியாதவன் கம்பிக் கண்ணி வைக்கிறான். அதே சட்டம் அதையும் தடுக்கிறது. இருந்தும் பேராக்கின் காட்டோரங்களில் கண்ணி ஓயவில்லை, புலியின் காலும் அதில் மாட்டுகிறது. எந்தக் கார்பைன் நல்லது என்ற விவாதத்தைவிட, பழக்கப்பட்ட செனாப்பாங் பத்தாக்காரருக்கு லைசன்ஸைச் சுலபமாக்குவதே இங்கே அவசரமான வேலை.